ஒப்பிட்டவர் கையெழுத்து

சங்கரன்கோவில்,
6 ஜூன் 2025

அன்புள்ள தேனுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ நலமாக இருக்கக் கோவிலில் கோமதியம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான், கம்ப்யூட்டரில் அடித்தாலும் கடிதம் கடிதமாக இருக்க வேண்டும் என்று பொங்கலுக்குப் பிறகு நீ ஒரு சட்டம் போட்டாய். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வக்கீல் குமாஸ்தா நான். சண்முகையா சார் கோர்ட்டுக்குள் நிற்கிற நேரம் பார்த்து அவர் ஆபீஸில் உட்கார்ந்து அடிக்கிறேன்.

நீ அனுப்பிய உன் ஆராய்ச்சிப் படம் வந்தது. போனில் திறந்தால் எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி இருந்தது. இது ஆகாது என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவின்ராஜ் பிளக்ஸ் கடைக்குப் போனேன்.

"என்ன அண்ணாச்சி, காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா?"

"ரெண்டும் இல்லடே. சட்டம்."

"ஆளு படம் எங்க போடணும்?"

"ஆளே கிடையாது. புள்ளியும் கோடும்தான்."

முகம் இல்லாத பிளக்ஸை அவர் கடை திறந்த நாளிலிருந்து அடித்ததில்லையாம். ஓரத்தில் என் போட்டோவாவது போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆறடிக்கு நாலடி. கோர்ட்டில் எங்கள் குமாஸ்தா அறைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

லீவு முடிந்து கோர்ட் திறந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் பார்க்காத ஆள் இல்லை. எல்லோருக்கும் நான்தான் விளக்கம். "ஒவ்வொரு புள்ளியும் ஒரு சட்டப் பிரிவு. ஒரு சட்டமோ ஆணையோ இன்னொரு பிரிவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒரு கோடு. ஊர்ல யாருக்கு அதிகமா கல்யாணப் பத்திரிகை வருதோ அவருதான பெரிய மனுஷன்? அதே கணக்குத்தான், யாரை அதிகம் பேர் கூப்பிடுதாங்களோ அந்தப் புள்ளி பெருசு." சரியாகச் சொல்கிறேனா? தப்பென்றால் திருத்து.

நடுவில் சிவப்பாக இருக்கிற பெரிய புள்ளியைக் காட்டி, புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144, ஜீவனாம்சப் பிரிவு, நாட்டிலேயே பெரிய புள்ளி இதுதான், கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி என்று சொல்லும்போது என் சட்டை பட்டன் தெறிக்கிறது. பெண் வக்கீல்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "வே வெள்ளத்துரை, பொண்டாட்டி ஜெர்மனில படம் வரையுதா, நீரு இங்கன பசை தடவுதீரு" என்று ஒருத்தர் கேலி பேசினார். ஆமாம், தடவுகிறேன். சட்டம் மாறி ஒரு வருஷம் ஆகப் போகிறது, சாருடைய புத்தகங்களில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண் எழுதிய சீட்டு ஒட்டும் வேலை இன்னும் முடியவில்லை.

அந்த 144-இல் புருஷனுக்கு இடம் கிடையாது. எனவே நான் உன்மேல் மனுப் போடுவேன் என்று பயப்படாதே.

சிவகிரியிலிருந்து அத்தை மாம்பழம் கொடுத்தனுப்பினார்கள். உன் பங்கையும் நான்தான் தின்றேன்.

உன் அன்புள்ள,
வெள்ளத்துரை


ஹாம்பர்க்,
9 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

பிளக்ஸா! நூலகத்தில் உட்கார்ந்துதான் கடிதத்தைப் படித்தேன். சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டாள். மானத்தை வாங்குகிறீர்கள் என்று திட்டத்தான் ஆரம்பித்தேன், திட்ட வரவில்லை. இங்கே அந்தப் படத்தை எட்டுப் பேர் பார்த்திருப்பார்கள். ஒருவரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

பத்திரிகைக் கணக்கு சரிதான். என் பேராசிரியர் அரை மணி நேரம் சொல்வதை ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். சட்டப் புத்தகம் மட்டும் இல்லை, விதி, அரசாணை, சுற்றறிக்கை என்று பதினோராயிரம் காகிதங்களை என் புரோகிராம் படித்திருக்கிறது. 2024 ஜூலையிலோ அதற்குப் பிறகோ தேதி போட்ட காகிதம் என்றால் அதில் வருவது புதுச் சட்டத்தின் எண், ஜூலைக்கு முன்பு என்றால் பழைய எண் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு ராத்திரிக்குள் படித்து முடித்துவிட்டது.

காலையில் படம் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அத்தான். கொலை இல்லை, கொள்ளை இல்லை, கைவிடப்பட்ட பெண்களின் பிரிவு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சார் ஆபீஸ் பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருக்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 11 அன்று பெரிய அரங்கத்தில் இதைப் பற்றிப் பேசுகிறேன். பல நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அது நன்றாக நடந்தால் இங்கே மூன்று வருஷ வேலை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு நாம் எதற்குச் சண்டை போட்டோமோ அதேதான். நீங்கள் வர மாட்டேன் என்றீர்கள், நான் வாயை அடக்காமல் பேசினேன். இப்போது சண்டையாகக் கேட்கவில்லை. ஆறடிக்குப் படம் மாட்டத் தெரிகிறது, ஒரு எட்டு வந்து என்னைப் பார்க்கக் கூடாதா? வந்தால் என்ன குறைந்துவிடும்?

144-ஐக் கூப்பிடுகிற 390 காகிதங்களையும் பட்டியல் போட்டு அனுப்புகிறேன். உங்கள் குமாஸ்தா அறையில் நம்பாதவர் யாராவது இருந்தால் காட்டுங்கள்.

மாம்பழத்துக்கு வயிறு வலிக்கட்டும்.

உங்கள்,
தேன்மொழி


சங்கரன்கோவில்,
24 ஜூன் 2025

அன்புள்ள தேனுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை அடித்து நாலு தடவை அழித்தேன்.

பாலம்மாள் என்று ஒரு அம்மா, பனவடலிசத்திரத்துக்காரர், சாருடைய கட்சிக்காரர். புருஷன்மேல் ஜீவனாம்ச மனு; பழைய எண்ணில் போட்டது, அவர் கட்டிலும் 144 என்று நான்தான் சீட்டு ஒட்டினேன். நோட்டீஸ் போகும், வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வரும், வாய்தா. மூன்று வருஷமாக இதே கதை. போன புதன்கிழமை வாய்தா வாங்கிக்கொண்டு போகிற வழியில் படத்தைப் பார்த்து நின்றார்.

"இது என் கேஸு நம்பர்லா?"

"ஆமாம்மா. நாட்டிலயே அதிகம் பேரு கூப்பிடுதது உங்க பிரிவைத்தான்."

"இத்தனை பேரு கூப்பிடுதாங்க, என்னைய ஒருத்தரும் கூப்பிடலையேய்யா. யாரு கூப்பிடுதா? ஒண்ணை வாசிச்சுக் காட்டுங்க, கேப்போம்."

பெருமையாகத்தான் உன் பட்டியலை எடுத்தேன். முதல் காகிதத்தைத் தேடி வாசித்தேன். "144-இன்படி ஊர்வலம் செல்லத் தடை விதிக்கப்படுகிறது." அடுத்தது, ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. அதற்கடுத்தது பொதுக்கூட்டம். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "எனக்கும் ஊர்வலத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

தேன், அது பழைய 144. ஊருக்கெல்லாம் தெரிந்த தடை உத்தரவு. புதுச் சட்டத்தில் அது 163 ஆகிவிட்டது. பழைய 125-ஆக இருந்த ஜீவனாம்சம்தான் இப்போது 144. இது உனக்கும் தெரியும், உன் புரோகிராமுக்கும் தெரியும். ஆனால் நம் ஆட்களின் பழக்கம் அதற்குத் தெரியாது. போன வருஷத்துச் சுற்றறிக்கையை எடுப்பார்கள், தேதியை மட்டும் மாற்றுவார்கள், அனுப்பிவிடுவார்கள். தேதி புதுசு, உள்ளே எண் பழசு. நானே எத்தனை மனுவை அப்படி அடித்திருக்கிறேன்.

ஐந்து நாளாகச் சாயங்காலம் உட்கார்ந்து 390-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். 319 தடை உத்தரவு. பாலம்மாளுடையது 71-தான்.

பார்த்து முடித்ததும் உனக்குச் சொல்லவேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை, நீ பேசுவாய், கை தட்டுவார்கள், வேலையும் கிடைக்கும். சொன்னால், உனக்கு அங்கே இருக்கிற வழியை நான் அடைத்ததாக ஆகும். "நீங்க என்னைய இழுத்துப் பிடிக்கத்தான் பாக்குதிய" என்று பொங்கலன்று நீ சொன்னது என் காதில் இருக்கிறது.

நம் கோர்ட் நகலின் கீழே என்ன இருக்கும்? வாசித்தவர் கையெழுத்து, ஒப்பிட்டவர் கையெழுத்து. ஒருத்தர் வாசிக்க வேண்டும், இன்னொருத்தர் மூலத்தில் விரல் வைத்து ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டவர் கையெழுத்து இல்லாத நகலை யார் வாங்குவார்? நீ சாரிடம் ஜூனியராக வந்த முதல் வாரம் நீ வாசித்தாய், நான் ஒப்பிட்டேன். ஒரு பாராவைத் தாண்டிவிட்டாய். "மேடம், நிறுத்துங்க" என்றேன். ஒரு முறை முறைத்தாய். அந்த முறைப்பைப் பார்த்துத்தான் உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தேன்.

உன் புரோகிராம் நன்றாக வாசிக்கிறது. ஒப்பிட ஆள் இல்லை. பார்த்தபிறகு சொல்லாமல் இருந்தால் நான் குமாஸ்தாவும் இல்லை, உன் புருஷனும் இல்லை.

என்னைத் திட்டு. ஆனால் அந்த 390-ஐ ஒருதரம் பார்.

வெள்ளத்துரை


சங்கரன்கோவில்,
1 ஜூலை 2025

அன்புள்ள தேனுக்கு,

ஒரு வாரம் ஆகிறது. கடிதம் இல்லை. புதுச் சட்டம் அமலுக்கு வந்து இன்றோடு ஒரு வருஷம். சார் மேஜையில் இருக்கும் புத்தகத்துக்குக் கடைசிச் சீட்டையும் ஒட்டி முடித்தேன்.

உனக்குப் பேச்சு என்றைக்கு என்று அறையில் எல்லோரும் கேட்கிறார்கள். பதினொன்று என்று சொல்லிவிட்டேன். படத்தை நான் கழற்றவில்லை. ஆனால் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. கேட்டால் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறேன்.

சாப்பிட்டாயா என்பதையாவது எழுது.

வெள்ளத்துரை


சங்கரன்கோவில்,
8 ஜூலை 2025

தேன்,

பட்டியலில் 212-ஆவது காகிதத்தை நான் தடை உத்தரவில் சேர்த்திருந்தேன். அது உண்மையிலேயே ஜீவனாம்சம்தான். என் கணக்கில் தப்பு. 318-ம் 72-ம் என்று திருத்திக்கொள். உன் தப்பை மட்டும் சொல்லிவிட்டு என் தப்பைச் சொல்லாமல் விடக் கூடாது.

வெள்ளிக்கிழமை நீ என்ன பேசினாலும் எனக்குப் பெருமைதான். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

வெள்ளத்துரை


ஹாம்பர்க்,
13 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சாப்பிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. நாலு நாள் உங்கள்மேல் வெந்துபோய் இருந்தேன். நான் இங்கே தங்கிவிடக் கூடாது என்று நீங்கள் ஐந்து நாள் உட்கார்ந்து குற்றம் தேடியதாகவே நினைத்தேன். பட்டியலைத் திறக்கவே இல்லை. ஐந்தாம் நாள் திறந்தேன், உங்களைத் தோற்கடிப்பதற்காக. முதல் இருபதும் ஊர்வலமும் பொதுக்கூட்டமுமாகவே இருந்தன. என்னை மன்னித்துவிடுங்கள்.

அப்புறம் கடிதம் எழுத நேரம் இல்லை. ஒரு புள்ளி பொய் என்றால் மற்றப் புள்ளிகள்? பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். பேச்சை ரத்து செய்கிறாயா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பெரிய புள்ளிகள் முப்பதையும் கையால் ஒப்பிட்டோம். ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் விரல் வைக்க. ஜெர்மன்காரப் பையன் ஒருவன், இது எந்த ஊர் முறை என்று கேட்டான். சங்கரன்கோவில் முறை என்றேன். உங்கள் 212-ஐ நாங்களும் பிடித்துவிட்டோம். உங்கள் கடிதம் வந்தபோது சிரித்தேன், பிறகு அழுதேன்.

வெள்ளிக்கிழமை மைக் முன்னால் நின்று, "உங்களுக்கு முன்கூட்டி அனுப்பிய சுருக்கத்தில் நான் எழுதிய கண்டுபிடிப்பு தவறு" என்றுதான் தொடங்கினேன். பாலம்மாளின் கேள்வியைச் சொன்னேன். எனக்கும் ஊர்வலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பெண் பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் கேட்டதை, இத்தனை படித்த நான் கேட்கவில்லை என்று சொன்னேன். தேதியை மட்டும் மாற்றுகிற பழக்கத்தைச் சொன்னபோது சிரித்தார்கள். பேசி முடித்ததும் மூன்று நாட்டுக்காரர்கள் வந்து, எங்கள் படத்திலும் இப்படித்தான் இருக்கும் போல, திரும்பிப் போய் ஒப்பிடப் போகிறோம் என்றார்கள். கை தட்டினார்களா என்று கேட்பீர்கள். தட்டினார்கள் அத்தான், நிறையவே தட்டினார்கள்.

இப்போது நடுவில் இருப்பது என்ன தெரியுமா? தடை உத்தரவு இல்லை, தேதி மட்டும் மாறிய நகல்களையெல்லாம் ஒன்றாகத்தான் எண்ணினோம்; ஒருவருக்கு முறைப்படி நோட்டீஸ் சேர்ப்பிப்பது எப்படி என்கிற பிரிவு. சப்பென்று இருக்கிறது. பெண் வக்கீல்கள் யாரும் இதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று வருஷ வேலை இல்லை. ஒரு வருஷம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் பதினோராயிரம் காகிதத்தையும் ஆள் வைத்து ஒப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பொய்ப் படத்துக்கு மூன்று வருஷம் வாங்கியிருந்தால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

புதுப் படத்தை அனுப்புகிறேன். எங்கள் துறை வராந்தாவிலும் இதைத்தான் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். பிரவின்ராஜிடம் கொடுக்கும்போது வலது பக்கம் கீழ் மூலையை வெட்டிவிடாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள்,
தேன்மொழி


சங்கரன்கோவில்,
25 ஜூலை 2025

என் தேனுக்கு,

கொடியேற்றம் நெருங்குகிறது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குக் கடைக்காரர்கள் இப்போதே ரதவீதியில் பந்தல் போடுகிறார்கள். பிரவின்ராஜுக்கு மூச்சுவிட நேரமில்லை, ஆனாலும் உன் படம் என்றதும் அடித்துக் கொடுத்தார். "பழசுல என்ன குறை அண்ணாச்சி?" என்று கேட்டார். "பழசு தப்பு. எங்க வீட்டுக்காரியே தப்புன்னு அத்தனை பேர் முன்னால சொல்லிட்டா" என்றேன். கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் படத்துக்குத் தெறித்த பட்டன் இரண்டாவது படத்துக்கும் தெறித்தது.

குமாஸ்தா அறையில் பழையதைக் கழற்றியதே நான்தான். "ஏன் வே, உம்ம ஆளு கண்டுபிடிச்சது பொய்யாப் போச்சாமே?" என்று அதே கேலிக்காரர் ஆரம்பித்தார். சண்முகையா சார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "தப்புன்னு மேடையேறிச் சொன்ன வக்கீலை நான் முப்பது வருஷத்துல பாத்ததில்ல. அவ என் ஜூனியர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் உன்னை நேரில் ஒருநாளும் பாராட்டியதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று பாலம்மாள் வாய்தாவுக்கு வந்தார். அவருடைய புள்ளியைக் காட்டினேன்.

"என்னய்யா, வத்திப்போச்சு?"

"ஆமாம்மா. ஆனா இப்ப இதுல இருக்க எழுபத்திரண்டும் உங்களுதுதான். ஊர்வலம் கிடையாது."

"அப்பச் சரி. நடுவுல இது யாரு, இம்புட்டுப் பெருசு?"

"அது நோட்டீஸ் சேர்ப்பிக்கது."

அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டார். "இதைத்தானய்யா நான் மூணு வருஷமாச் சொல்லுதேன்! அவனுக்கு நோட்டீஸ் போய்ச் சேந்தா எல்லாம் நடக்கும்னு! இதைக் கண்டுபிடிக்க ஜெர்மனிக்குப் போணுமா?" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சப்பென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, இங்கே அந்தப் புள்ளியைப் பார்த்துத் தலையாட்டாத கட்சிக்காரர் ஒருத்தர்கூட இல்லை. பாலம்மாள் அதன் பக்கத்தில் நின்று, கூட வந்த பேத்தியை விட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

கீழ் மூலையைக் கடையிலேயே பார்த்துவிட்டேன். பிளக்ஸ் மிஷினிலிருந்து படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, கடைசியாகத்தான் அந்த மூலை வந்தது. மேலே எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. கீழே தமிழில், வாசித்தவர்: தேன்மொழி. ஒப்பிட்டவர்: வெள்ளத்துரை, சங்கரன்கோவில். மை காயவில்லை, தொடாதீர்கள் என்று பிரவின்ராஜ் சத்தம் போட்டார். பத்தொன்பது வருஷமாக எத்தனையோ நகலில் என் பெயர் இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் அழுதேன்.

மாட்டிய பிறகு எல்லோர் முன்னாலும் மார்க்கர் பேனாவை எடுத்து என் பெயருக்கு மேல் கையெழுத்துப் போட்டேன். பெயர் மட்டும் இருந்தால் போதாது, கையெழுத்து இருந்தால்தான் நகல் செல்லும்.

அப்போதுதான் அங்கே வராந்தாவில் தொங்குகிற படம் ஞாபகம் வந்தது. அதில் என் கையெழுத்து இல்லை. பதினோராயிரம் காகிதத்தை ஒப்பிட வேண்டும் என்று வேறு எழுதியிருக்கிறாய், ஜெர்மன்காரப் பையன் எத்தனை நாள் விரல் வைப்பான்?

சாரிடம் கேட்டேன். தபசு முடிந்ததும் மூன்று மாதம் லீவு கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டாயிற்று. நானே வாசித்து நானே ஒப்பிட்டேன், தப்பில்லை. பொங்கலன்று நான் வர மாட்டேன் என்றது வீம்பு. அங்கே வந்து உன் பின்னால் சும்மா நிற்க வெட்கப்பட்டேன். அதைச் சொல்லாமல் வேறு என்னென்னவோ சொன்னேன்.

உன் படத்துக்கு அடியில் கொஞ்சம் இடம் விட்டு வை.

வாரேன்.

ஒப்பிட்டவர்,
வெள்ளத்துரை